பெரிய வாய்க்கால் சேறு

பிரெஞ்சுக் கொடி இறங்கியதற்கு அடுத்த கோடை. நான் கல்யாணமாகி மூலக்குளத்துக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

கோடையில் ஏரி வற்றினால் அடியில் கிடக்கும் வண்டலை வெட்டி, வண்டி வண்டியாக வயலில் கொட்டுவார்கள். அந்தக் கறுப்பு மண் விழுந்தால்தான் சம்பாவில் கதிர் பிடிக்கும் என்பார் மாமனார். அந்த வருஷம் கோடைமழை அடித்து ஊற்றியது, ஏரி வற்றவேயில்லை. அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இருந்தது அந்த ஒரு வயல். வீட்டுச் சோறு முழுக்க அதிலிருந்துதான்.

என் கணவர் டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். கடைக்குப் பக்கத்தில் பெரிய வாய்க்கால். மேரி ஆட்கள், அதாவது நகராட்சி ஆட்கள், அதைத் தூர் வாரிக் கரையில் குவித்திருந்தார்கள். கறுகறுவென்று, வெண்ணெய் போல வழுக்கும் சேறு. நாற்றம் குடலைப் புரட்டும். எடுத்துக்கொண்டு போனால் புண்ணியம் என்றார்களாம். வண்டி பேசிக் கொண்டுவந்து இறக்கினார். மாமனார் ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்துச் சிரித்தேவிட்டார். ஒரு டவுனே தின்று கழித்த சத்து இதில் இருக்கிறது என்றார். வயல் முழுக்க இறைத்தோம். கீழ்ப்பாதியில் நாற்றங்கால் போடுவதாக இருந்ததால் அங்கே மட்டும் தாராளமாக.

ஆடியில் விதைத்தோம். முளை எட்டிப் பார்த்தது, பச்சை காட்டியது, நுனி கருகியது. எருவின் சூடு, வேர் ஆறட்டும் என்று மாமனார் தண்ணீரை வடித்துவிட்டு வெயிலில் காயப்போட்டார்.

அதன்பிறகு ஒரு காலையில் நான் போனேன். வயல் வெளுத்துக் கிடந்தது. பனி என்று ஒரு கணம் நினைத்தேன். ஆடியில் ஏது பனி? குனிந்து விரலால் தொட்டேன். பொருபொருவென்று ஒட்டிக்கொண்டது. நாக்கில் வைத்தேன்.

உப்பு.

அந்த வாய்க்கால் கடலில் போய் முடிகிற வாய்க்கால். கடல் பொங்கினால் தண்ணீர் அதற்குள் ஏறி வரும். மடவை மீன் துள்ளுவதைப் பாலத்தில் நின்று பார்த்திருக்கிறேன். காட்டியவரே என் கணவர்தான். மாமனாரும் பார்த்திருப்பார். அத்தனை பேருக்கும் தெரிந்த கடல், சேறு கறுப்பாக இருந்ததால் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

மாமனார் வந்து நக்கிப் பார்த்தார். கணவரைக் கூப்பிட்டு அவரையும் நக்கிப் பார்க்கச் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஒரே வழிதான் இருந்தது. ஏரித் தண்ணீரைத் தேக்கி, உப்பு கரைந்ததும் வடிக்க வேண்டும். மறுபடி தேக்கி மறுபடி வடிக்க வேண்டும். வடிகால் போவதோ மாமனாருடைய தம்பியின் நிலம் வழியாக. அவர் மண்வெட்டியோடு வரப்பில் வந்து நின்றுவிட்டார்.

"டவுன்ல துணி அளக்க அனுப்புனா, கடலையே வண்டியில ஏத்திக்கினு வந்துட்டான் உன் புள்ள. அத எங்கொல்லையில ஊத்தாத, அண்ணே."

மாமனார் தன் மண்வெட்டியை எடுத்தார். எங்கள் நிலத்திலேயே வரப்போரமாக ஒரு கீற்றை வெட்டி, வாய்க்காலாக்கி, சுற்றிக்கொண்டு போய் ஓடையில் விட்டார். விளைகிற மண்ணை அவரே வெட்டி எறிந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவை வடியும்போதும் உள்ளங்கையில் ஏந்தி ருசி பார்த்தோம், மூன்று பேரும், மருந்து குடிப்பதுபோல.

புரட்டாசியில் மேல்பாதித் தண்ணீர் கரிக்காமல் வடிந்தது. ஆனால் நடுவதற்கு நாற்று? எங்களுடையது எப்போதோ செத்துப்போயிருந்தது. தம்பிக்காரர் நாற்றுக்கட்டுகளைச் சுமந்துவந்து எங்கள் வரப்பில் போட்டார். மாமனார் அவரையே பார்த்தார்.

"தண்ணிதான் வேணாம்னேன். நாத்து குடுக்க மாட்டேன்னு சொன்னனா?"

மேல்பாதியில் இறங்கினோம். கீழ்ப்பாதி அப்போதும் வெள்ளையாகவே கிடந்தது. நடவு என்றால் பின்னால் நகர்ந்துகொண்டே போவது. ஒவ்வொரு பிடி நாற்றுக்கும் நான் அந்த வெள்ளையை நெருங்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. குதிகாலுக்கு அடியில் பொருக்கு நொறுங்கியது. நின்றேன். கையில் இன்னும் நாற்று இருந்தது.