அவளை மன்னிப்புக் கேட்க வைத்தேன்

கைபேசிச் செயலி ஒன்றில் வாரம் ஓர் அத்தியாயமாகத் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். அதில் வரும் கணவன் யாரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டுப் போய், மூன்று வருடம் கழித்துத் திரும்பினான். வாசகிகள் அவனுக்காக அழுதார்கள். அடுத்த வாரம், காய்ச்சலில் கிடந்த குழந்தையை அவனிடம் விட்டுவிட்டு மனைவி அவிநாசிக்கு ஒரு இன்டர்வியூவுக்குப் போனாள். ஒரே ஒரு பகல்தான். "இவளெல்லாம் ஒரு தாயா?" என்று கருத்துகள் வந்து குவிந்தன.

தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, என் கதையைத் தவறாமல் படிக்கும் அக்கா ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு சோமனூருக்கு வேலைக்குப் போய்வந்தவர் அவர்.

"ஏனுங்க அம்மணி, அவளை மன்னிப்புக் கேக்க வைங்க. எனக்கு மனசே ஆறலீங்க."

"மூணு வருசம் காணாமப் போனவன் கேக்க வேண்டாமுங்களா அக்கா?"

"அவன் மனசு ஒடஞ்சு போனானுங்க, பாவம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் மனசு உடைந்ததை நான் மூன்றே வரியில்தான் எழுதியிருந்தேன். அவள் ஒற்றை ஆளாகக் குடும்பத்தைத் தாங்கியதை ஏழு அத்தியாயம் எழுதியிருந்தேன். அது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

ஆனால் வாசகிகள் போய்விடுவார்களோ என்று பயந்து, அந்த வாரமே அவளை அழவைத்து அவனிடம் மன்னிப்புக் கேட்க வைத்தேன். இதயக் குறிகள் வந்து கொட்டின. அக்கா குரல் பதிவு அனுப்பினார்: "இப்பத்தானுங்க அவ நல்ல பொம்பள."

அந்தப் பதிவை அழித்துவிட்டேன். வாசகிகள் மேல் இருக்கும் கோபம்கூட ஆறிவிடும். என் மேல் இருப்பது ஆறவே இல்லை.