ராஜத்தின் குடமும் என் உப்புத்தாளும்

எவர்சில்வரைப் பித்தளை என்று நினைத்துப் புளியும் செங்கல்தூளும் போட்டுத் தேய்க்கிற ஒருத்தர் உங்கள் வீட்டிலும் உண்டா? அப்படியானால் நீங்களும் என் கட்சிதான். அந்தக் கீறல்களை எடுத்து மெருகேற்றித் தருவது என் வேலை. என் வீட்டுக்காரர் செஞ்சி கடைத்தெருவில் பாத்திரங்களில் பேர் வெட்டுகிறார். நான் குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு, வெட்டின பேர் அழியாமல் பாத்திரத்தைத் தேய்க்கிறேன்.

கட்டு போட்ட தட்டு

எழுத்தின் மேல் உப்புத்தாள் பட்டால் போச்சு. அதனால் மருந்துக்கடை பிளாஸ்திரியை வெட்டி முதலில் பேரை மூடிவிடுவேன். அப்புறம்தான் ஒரே வாட்டமாகத் தேய்ப்பேன். குறுக்கே இழுத்தால் புதுக் கீறல் விழும். ஒரு நாள் ஜைன வீட்டு அம்மா ஒருவர் தட்டை வாங்க வந்தார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுகிறவர்கள், அவசரம். பாதி வேலையில் கிடந்த தட்டைப் பார்த்துப் பதறிப்போனார்.

"எங்கம்மா பேருக்கு இன்னாம்மா காயம், இப்படிக் கட்டு போட்டு வெச்சிருக்கிற?"

ரெண்டு பேர் கேட்ட குடம்

தளவானூர் ராஜம் ஒரு குடத்தோடு வந்தாள். அவள் வீட்டில் மறுநாள் பாத்திரம் பிரித்துத் தனி அடுப்பு மூட்டப் போகிறார்கள். குடம் தாய்வீட்டுச் சீர் என்கிறாள் ராஜம். "இத்தினி வருஷமா தண்ணி தூக்கினது நானு" என்கிறாளாம் ஓரகத்தி. சீர் கொடுத்தபோதே அதில் ராஜத்தின் பேர் வெட்டியிருந்ததாம், ஆனால் மாமியாரின் செங்கல்தூளில் அது எங்கே போனதோ தெரியவில்லை.

விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துப் பூசித் துடைத்தேன். பள்ளத்தில் மட்டும் கரி தங்கி, முதலில் 'ரா', அப்புறம் முழுப் பேரும் தெரிந்தது. உடனே பிளாஸ்திரி. ராஜம் பக்கத்திலேயே குந்திக்கொண்டு மூச்சுவிடாமல் பார்த்தாள்.

"பாத்துக்கா, அந்த எழுத்து போச்சுன்னா குடம் மட்டும் போவாது, நான் சொன்னதே பொய்யாப் பூடும்!"

விரலால் பார்த்த ஓரகத்தி

காலையில் ராஜத்தோடு ஓரகத்தியும் வந்துவிட்டாள். பேரைப் பார்த்ததும், "உங்க வூட்டுக்காரரு பேர் வெட்டறவருதானே, நேத்து வெட்டினதா இருக்கும்" என்றாள். நான் அசரவில்லை. முந்தின நாள் பேர் வெட்டிய ஒரு சொம்பைக் கொண்டுவந்து வைத்து, "ரெண்டையும் தடவிப் பாரு" என்றேன். புது எழுத்து விரலைக் கீறும். பழசு வழவழவென்று இருக்கும். தடவினாள். திரும்பவும் தடவினாள். குடத்தைத் தூக்கி ராஜத்தின் இடுப்பில் அவளே வைத்தாள்.

"உன்துதான், எடுத்துக்கோ, ஆனா அவசரத்துக்குக் கேட்டா இல்லன்னு மட்டும் சொல்லிடாதடி!"

ஊரார் பேரையெல்லாம் காப்பாற்றுகிற எனக்கு ஒரு டம்ளரில்கூடப் பேர் இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைக்க, மத்தியானம் சாப்பிட வந்த வீட்டுக்காரர் முன்னால் காலித் தட்டையும் உளியையும் வைத்து, "மொதல்ல இதுல என் பேரை வெட்டுங்க, அப்புறம் சோறு போடறேன்" என்றேன்.