பவுனக்காவுக்கு ஒரு டீ

பேய், ஜின், செய்வினை என்று எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் மாமியார் இருந்த காலத்தில் வீட்டில் யாராவது தும்மினால்கூட தாயத்துதான், நான் மட்டும் கட்டிக்கொள்ள மாட்டேன், அதற்காக வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. அல்லாவை நம்புகிறேன், முடிந்த வேளை தொழுகிறேன், அதோடு சரி. அதனால் பொம்மை வாங்க வந்த இடத்தில் இந்தப் பொம்பளை என்ன இப்படி அளக்கிறாள் என்று நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது. நானாக இருந்தால் இன்னும் சத்தமாகச் சிரித்திருப்பேன்.

நான் விருத்தாசலத்தில் இந்த செராமிக் ஷெட்டில்தான் வேலை பார்க்கிறேன், கிளேஸ் முக்குகிற வேலை, பளபளப்பு கொடுக்கிற பூச்சுதான் கிளேஸ். காய்ந்த பொம்மையையோ கப்பையோ அடியில் பிடித்துக்கொண்டு கிளேஸ் தொட்டியில் ஒரு முக்கு முக்கி எடுக்க வேண்டும், அப்புறம் அது சூளைக்குப் போகும். விரல் பிடித்த இடத்தில் மட்டும் கிளேஸ் ஒட்டாது, அதைப் பிரஷ்ஷால் தொட்டு மூடிவிட வேண்டும். மறந்துவிட்டால் சூளையிலிருந்து வரும்போது பளபளப்புக்கு நடுவில் விரல் தடம் சொரசொரவென்று அப்படியே தெரியும், பிறகு அந்த உருப்படி விலை போகாது. நான் மறக்கிற ஆள் இல்லை. ஒரே ஒரு தடவைதான் மறந்தேன், அந்தக் கதைக்கு வருகிறேன்.

என் வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். அவர் அனுப்பிய போனில் தொடர்கதை படிக்கிற பழக்கம் எனக்கு. யாரோ ஒருவர் எழுதுவார், பேர் கூடத் தெரியாது, போட்டோ இருக்கிற இடத்தில் ஒரு செம்பருத்திப் பூ இருக்கும். அதில் வந்தவள்தான் பவுனம்மாள். ஐம்பது வயது, பிள்ளைகளைக் கரையேற்றியவள், கட்டிய புருஷன் ஒரு நாள்கூட "சாப்பிட்டியா" என்று கேட்டதில்லை. படிக்கப் படிக்க எனக்கு அவள் பவுனக்கா ஆகிவிட்டாள். தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு மனசுக்குள்ளேயே அவளிடம் பேசுவேன். "பாருக்கா, மொதலாளி இன்னிக்கும் மொகத்தத் தூக்கி வச்சிக்கிட்டு வந்திருக்காரு" என்பேன். "அதுக்கு நீ ஏண்டி மொகத்தச் சுருக்கிக்கிற, ஒன் வேலையப் பாரு" என்பாள். நம்பினால் நம்புங்கள், அந்தப் பதில் நான் யோசித்துச் சொன்னது மாதிரி இருக்காது. எனக்கு அவ்வளவு நிதானம் கிடையாது.

ஒரு நாள் பவுனக்கா இரண்டு புடவையைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பி, கொட்டுகிற மழையில் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றாள். பஸ் வந்தது. ஏறுவதா, திரும்பிப் போவதா என்று தெரியாமல் நிற்கிறாள், கண்டக்டர் விசில் ஊதப் போகிறார். தொடரும் என்று போட்டிருந்தது. தொடரவே இல்லை. வாரம் போனது, மாதம் போனது, எழுதியவரைக் காணோம். எனக்குச் சோறு இறங்கவில்லை. கூட வேலை செய்கிற தனம், "ஏன்க்கா, சொந்தத்துல யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"கதையில ஒரு பொம்பள மழையில நிக்கிறாங்கடி" என்றேன்.

"நல்லா இருக்குது போ! நெசமா நனையிறவங்களுக்கே கொட புடிக்க ஆளக் காணும்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் என் மகள் அப்ரினுக்குப் பேசி முடித்த கல்யாணம் நின்றது. காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள், பையன் நல்ல பையன் என்று நாங்கள்தான் அவசரப்பட்டோம். நான் ஒரு கப்பைத் தொட்டியில் முக்கி எடுக்கும்போது போன் வந்தது. "இது ஒத்து வராதுங்க" என்று பையனின் மாமா சொன்னார், காரணம் கேட்பதற்குள் வைத்துவிட்டார். நான் அந்தக் கப்பைப் பலகையில் வைத்தேன், பிரஷ்ஷைத் தொடவே இல்லை. சூளையிலிருந்து மூன்று விரல் தடத்தோடு அது வெளியே வந்தது, யாருக்கும் ஆகாது என்று வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

அப்ரின் அதற்கப்புறம் பேசவில்லை. திட்டினாலும் பேசவில்லை, கொஞ்சினாலும் பேசவில்லை. காலேஜ் கிடையாது, வாசல் பக்கம்கூட வருவது கிடையாது, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பாள். குவைத்திலிருந்து அவள் அத்தா வீடியோ காலில் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதார். ஓதி ஊதினால் சரியாகும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள், ஆஸ்பத்திரிக்கு அழைத்தால் தலையை மட்டும் ஆட்டுவாள், எழுந்திருக்க மாட்டாள். என் பிள்ளை இப்படியே கிடந்து கருகிவிடுவாளோ என்று ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்தேன்.

ஒரு சாயங்காலம் நல்ல மழை. டீ போட்டுக்கொண்டிருந்தேன். பவுனக்கா இன்னும் அங்கேயே நிற்கிறாளே என்று திடீரென்று தோன்றியது, எனக்கு ஆத்திரமே வந்துவிட்டது. "எழுதனவங்க வுட்டுட்டுப் போயிட்டா என்னக்கா, நம்ம வூடு இல்லியா? வா, வந்து உக்காரு" என்று வாய் விட்டே சொல்லிவிட்டு, மூன்று பேருக்கு டீ ஊற்றினேன். அவளுக்கு அந்த விரல் தடக் கப்பில்.

"யாருக்கும்மா இது?"

யா அல்லா! அடுப்படி வாசற்படியில் அப்ரின் நின்றுகொண்டிருந்தாள். எத்தனை நாள் கழித்துக் கேட்கிறேன் அந்தக் குரலை! அழுதால் மறுபடி உள்ளே போய்விடுவாளோ என்று பயந்து, ஒன்றும் நடக்காதது மாதிரி பவுனக்காவின் கதையைச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள், பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பாள். பிறகு, "டீ ஆறுது, அவங்களக் குடிக்கச் சொல்லு" என்றாள்.

அன்று முதல் எங்கள் வீட்டில் மூன்று பேர். அந்த டீயைக் கடைசியில் குடித்தது யார் என்று கேட்காதீர்கள், நான்தான், வீணாக்குவேனா? "பவுனக்காவுக்கு அழுகையா வருதாம்மா?" என்று கேட்பாள் அப்ரின். "வருதாம்டி. நம்மள யாருக்கும் வேணாம் போலன்னு நெனப்பாம்" என்பேன். "அப்படியெல்லாம் இல்லன்னு சொல்லு" என்பாள். யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். நேராகப் பேசியிருந்தால் ஒரு வார்த்தை வந்திருக்காது.

பிறகு ஒரு காலை, குளித்து, புர்கா போட்டு, காலேஜ் பையோடு அடுப்படியில் வந்து நின்றாள். "பவுனக்கா இன்னிக்கு பஸ் ஏறப் போறாங்களாம்மா. தனியாப் போகப் பயமா இருக்குதாம். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானும் தொணைக்குப் போறேன்" என்றாள். நான் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். போனவள் அப்படியே காலேஜுக்கும் போய்விட்டு, சாயங்காலம் பசி பசி என்று வந்தாள்.

அன்றைக்கு டீ ஊற்றப் போனால் அந்தக் கப்பைக் காணோம். வீட்டைக் கவிழ்த்துத் தேடினோம், கிடைக்கவில்லை. உடைந்திருந்தால் சில்லாவது கிடக்க வேண்டுமே.

இது வரைக்கும் அமானுஷ்யம் ஒன்றும் இல்லை, ஒரு தாயும் மகளும் கிறுக்குத்தனம் பண்ணினார்கள், அவ்வளவுதான். இனிமேல் சொல்வதைத்தான் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

பல மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், போனில் செம்பருத்திப் பூ வந்தது. புது அத்தியாயம். "பவுனம்மாளைப் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டேன். நான் படுக்கையிலிருந்து எழுந்து, திரும்பிப் போய்ப் பார்த்தபோது அவள் அங்கே இல்லை. எங்கே போனாள் என்று கண்டுபிடிக்க இவ்வளவு நாளாயிற்று" என்று மேலே எழுதியிருந்தது. அப்ரினைக் கூப்பிட்டு உரக்கப் படித்தேன். வெயிலில் பொம்மைகள் காய்கிற ஓர் ஊர். முழங்கை வரை வெள்ளை மண் அப்பிய ஒரு பெண் பவுனம்மாளை வீட்டுக்கு அழைத்துப் போகிறாள். மூன்று விரல் தடம் உள்ள கப்பில் டீ கொடுக்கிறாள். அந்த வீட்டில் பேசாத ஒரு மகள் இருக்கிறாள், வாசற்படியில் வந்து நின்று முதல் வார்த்தை கேட்கிறாள்: "யாருக்கும்மா இது?"

படிப்பதை நிறுத்திவிட்டேன். நான் அந்தக் கதைக்குக் கீழே ஒரு வரி எழுதியது கிடையாது, எனக்கு அதில் எழுதவே தெரியாது. அப்ரினைப் பார்த்தேன். "அல்லா மேல ஆணையா நான் யாருக்கும் சொல்லலம்மா" என்றாள், முகம் வெளுத்திருந்தது. போனை வாங்கி மீதியை அவளே படித்தாள். பவுனம்மாள் புறப்படும் காலையில் கப்பைக் கழுவி, பரண் மேல் பழைய இட்லிப் பானைக்குப் பின்னால் கவிழ்த்து வைத்துவிட்டு, அந்த மகளோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிறாள். இந்தத் தடவை பஸ்ஸில் ஏறிவிடுகிறாள்.

அப்ரின் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். இட்லிப் பானையை நகர்த்தினாள். கப் அங்கேதான் இருந்தது, கவிழ்த்தபடி.

நாங்களே வைத்து மறந்திருப்போம், தற்செயலாக எழுதியிருப்பார் என்று நானும் என்னைத் தேற்றிப் பார்த்தேன். ஆனால் கழுவித் திருப்பிப் பார்த்தபோது என் மூன்று விரல் தடத்துக்குப் பக்கத்தில் நாலாவதாக ஒன்று இருந்தது. கிளேஸ் சூளையில் உருகிக் கண்ணாடியாக இறுகிவிடும், அதற்கப்புறம் அதில் விரல் தடம் விழ வழியே கிடையாது. தனத்திடம் காட்டினேன். தடவிப் பார்த்தாள். "முக்கும்போது பட்டதுக்கா, சூளைக்கு முன்னாடியே" என்றாள். முக்கியது நான், எத்தனை தடம் இருந்தது என்று எனக்குத் தெரியாதா? என் விரலை வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. அப்ரின் விரலும் பொருந்தவில்லை.

இப்போது அவளுக்குக் கடைசி வருஷம். தினமும் புறப்படும்போது அந்த நாலாவது தடத்தில் விரல் வைத்து, "போயிட்டு வரேன் பவுனக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். பதில் ஒன்றும் வருவதில்லை, நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் தெரு முனை திரும்பியதும் கப்பை எடுத்து வைக்கப் போவேன், ஒவ்வொரு நாளும் அந்த ஓர் இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கிறது.