ஜாதகம் பொருந்தவில்லை

என் மகனுக்கு வந்த பதினோரு வரன்களை நான்தான் தட்டிக் கழித்தேன். எல்லோரிடமும் ஒரே பதில்: ஜாதகம் பொருந்தவில்லை. ஒரு ஜாதகத்தையாவது திறந்து பார்த்திருந்தால் கேளுங்கள்! நம்மவர்களிடம் இதைச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. வரன் தேடும் தளத்தில் தொடர்புக்கு அவன் என் எண்ணைத்தான் கொடுத்திருந்தான். பையனின் அம்மாவிடம் பேசுவதுதானே முறை. எனக்கு அது வசதியாகப் போயிற்று.

என் மகன் பெண்டாட்டியை அடிப்பவன். இத்தனை நாள் சுற்றி வளைத்தது போதும், பட்டென்று சொல்லிவிடுகிறேன். கடல் கடந்து வந்து பார்சிப்பனியில் அவன் வீட்டில்தான் நானும் இருந்தேன். முதல் மருமகள் கோயம்புத்தூர்ப் பெண். ஜூலை வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டிருப்பாள். "குளிருதாம்மா?" என்று நானே கேட்டிருக்கிறேன், எல்லாம் தெரிந்துகொண்டே. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தம் கேட்டு போலீஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டு பேர் வந்தார்கள். அவள் மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. என்ன நடந்தது என்று அவர்கள் கேட்க, அவள் என்னைப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டேன். துணிக்கூடையோடு மாடிப்படியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அதை எழுதிக்கொண்டு போனார்கள்.

இரண்டு மாதத்தில் அவள் ஒரு பெட்டியோடு கிளம்பினாள். "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அத்தை" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

விவாகரத்து ஆனதும் இவனுக்கு இன்னொரு கல்யாணம் வேண்டுமாம். அதனால்தான் ஜாதகத்தைப் பிடித்துக்கொண்டேன். பதினோராவதும் தட்டிப்போனபோது, "எனக்கு ஏதாவது தோஷம் இருக்காம்மா?" என்று கேட்டான். "இருக்கும்" என்றேன். சனிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய் நவக்கிரகத்துக்கு விளக்குப் போட்டான். பக்கத்தில் நின்று கும்பிடும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பிறகு கேட்டி என்ற ஊரிலிருந்து ஒரு பெண். நண்பன் கல்யாணத்துக்கு டெக்ஸாஸ் போன இடத்தில் இவனே பார்த்துப் பேசிப் பிடித்துப்போனது. "அவங்க அப்பா ஜாதகமே பாக்க மாட்டாராம்மா. கவலை விட்டுது" என்றான். என்னிடம் இருந்த ஒரே பொய்யும் போயிற்று.

என்னோடு காலையில் நடக்க வரும் ஒரு யூதப் பெண்மணி அவர்கள் ஆட்களுக்கு வரன் பார்த்துக் கொடுப்பவர். தெரிந்த வீட்டில் இப்படி ஒரு சங்கடம் என்று அவரிடம் சொன்னேன். பிறத்தியாரைப் பற்றிக் குறை பேசுவது தங்களுக்குப் பெரிய பாவம் என்றார். ஆனால் ஒரு பெண்ணுக்கு ஆபத்து என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பது அதைவிடப் பாவமாம். யார் வீடு என்று அவர் கேட்கவில்லை. அன்று நடை முடியும்வரை என் கையைப் பிடித்தபடியே வந்தார்.

மறுநாள் அவன் ஆபீஸ் போனதும் அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு போன் செய்தேன். "இந்தக் கல்யாணம் வேண்டாங்க. என் பையன் கை நீட்டறவன். முதல் பொண்ணை அடிச்சான், நான் கண்ணால பாத்தேன்" என்றேன்.

அவர் சொன்னார்: "உங்க பையன் எங்ககிட்ட எதையும் மறைக்கலீங்க. டைவர்ஸ் ஆனது, போலீஸ் வந்தது எல்லாம் சொன்னார். அந்த ரிப்போர்ட்டைக் கூட காட்டினார். அவ ஸ்டெப்ஸ்ல விழுந்துட்டான்னு அதுல சொல்லியிருக்கறதே நீங்கதானே?"

"ஆமா. பொய் சொன்னேன்."

"அன்னிக்குப் பொய்யா, இன்னிக்குப் பொய்யா? நான் எதை நம்பறது? முதல் மருமக போனதுக்குக் காரணமே நீங்கதானோன்னு இப்ப தோணுது" என்று வைத்துவிட்டார்.

மானம் போனால் போகிறது என்று அந்தப் பெண்ணையே கூப்பிட்டேன். இவன் முன்பு என் போனிலிருந்து அவளோடு பேசியதால் எண் இருந்தது. ஆபீஸில் லஞ்ச் நேரம் போலிருக்கிறது, பின்னால் பேச்சுச் சத்தம். நான் யாரென்று சொன்னதுமே மரியாதையாகப் பேசினாள்.

"நீங்க கால் பண்ணுவீங்கன்னு அவர் முன்னாடியே சொன்னார் ஆன்ட்டி. நீங்க ரொம்ப லோன்லியா இருக்கீங்க, ஏதாவது சொல்லுவீங்க, மனசுல வெச்சுக்காதேன்னார். கவலைப்படாதீங்க, உங்களை நாங்க நல்லா பாத்துப்போம்."

பாவி மகனே! எவ்வளவு அழகாக முந்திக்கொண்டான். அந்த வித்தையை அவன் வேறெங்கும் கற்றிருக்க முடியாது.

கல்யாணம் கேட்டியில் ஜாம்ஜாமென்று நடந்தது. நானும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மேடையில் நின்றேன். ஒரு வாரத்தில் என்னை பிளசன்டனில் இருக்கும் மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ காலில் இருவரும் வருவார்கள். அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான்.

போன வாரம் கேட்டேன், "எப்படிம்மா இருக்கே?"

"நல்லா இருக்கேன் அத்தை."

ஜூலை மாதம். முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள்.