சுரங்கத்துக்கு வராத ஆர்டர்

அரியலூரும் பெரம்பலூரும் ஒரே மாவட்டமாக இருந்தபோது நடந்தது இது. அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் கேண்டீனில் வேலை பார்த்தேன். எந்த ஆலை என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். என் வீட்டுக்காரர் அதே ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் காண்டிராக்ட் கூலி. தினமும் மதியம் அங்கே பாறைக்கு வெடி வைப்பார்கள். அந்த நேரத்தில் சுரங்கத்தை ஒட்டிய ஒவ்வொரு பாதையிலும் ஒருவர் சிவப்புக் கொடியோடு நின்று ஆட்களையும் வண்டிகளையும் மறிக்க வேண்டும். தெற்குப் பாதைக்கு இவர்தான் கொடி ஆள்.

ஆலையில் என்ன விசேஷம் என்றாலும் வெல்ஃபேர் ஆபீஸிலிருந்து ஒவ்வொரு டிபார்ட்மெண்டுக்கும் ஒர்க் ஆர்டர் வரும். என்ன வேலை, எத்தனை மணிக்கு என்று அதில் இருக்கும். முடித்ததும் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தத் தாள் வராமல் ஒரு துரும்பைக்கூட யாரும் நகர்த்த மாட்டார்கள்.

அந்த வருஷம் பழைய குவாரிக் கரையில் மரம் நடு விழா வைத்தார்கள். குழி தோண்ட சிவிலுக்கு, மைக் செட்டுக்குக் கரண்ட் கொடுக்க எலெக்ட்ரிகலுக்கு, வடையும் டீயும் போட எங்களுக்கு, பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவர டிரான்ஸ்போர்ட்டுக்கு என்று ஆர்டர் போனது. சுரங்கத்துக்கு விழாவில் ஒரு வேலையும் இல்லை, அதனால் ஆர்டரும் இல்லை. காலையிலேயே விழா முடிந்துவிடும், வெடி நேரம் வரை இழுக்காது என்று ஒரு நினைப்பு வேறு.

குழி தோண்ட ஆள் போதவில்லை என்று சிவில் மேஸ்திரி சுரங்கத்துக்கே போய் நாலைந்து பேரைக் கூட்டி வந்தார். அதில் என் வீட்டுக்காரரும் ஒருவர். வெடி நேரத்துக்குள் திருப்பி அனுப்பிவிடுவதாகச் சொல்லித்தான் கூட்டி வந்திருக்கிறார். அந்த மேஸ்திரிக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். எந்த டீயைக் கொடுத்தாலும் கழனித்தண்ணி என்பார். நானும் சும்மா விடமாட்டேன், எனக்கும் வாய் நீளம்தான்.

சிறப்பு விருந்தினர் வரவே இல்லை. பெரிய மனுஷர் என்றால் தாமதமும் பெரிதாகத்தானே இருக்கும்? மதியம் ஒருவழியாக அவருடைய கார் மெயின் ரோடு வழியாக வந்தது. உடனே பிள்ளைகளை அனுப்பச் சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு ஆள் போனது. அந்த வேனுக்குக் குறுக்கு வழி தெற்குப் பாதை.

ஸ்பீக்கரில் பாட்டு காதைப் பிளந்துகொண்டிருந்தது. வெடிக்கு முன்னால் ஊதும் சங்கு எங்கள் ஒருவர் காதிலும் விழவில்லை. என் வீட்டுக்காரர் தற்செயலாக நிமிர்ந்தவர், எதிர்க்கரையில் இன்னொரு கொடி ஆள் கொடியைத் தூக்கிப் பிடித்து நிற்பதைப் பார்த்திருக்கிறார். திரும்பித் தன் பாதையைப் பார்த்தால், வேன் வந்துகொண்டிருக்கிறது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார். யாரையோ பாம்பு கடித்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

வேனுக்கு முன்னால் போய்க் கையை விரித்து மறித்தார். கண்ணாடியில் தட்டித் தட்டிப் பின்னால் போகச் சொன்னார். வேன் பின்வாங்கியது. அவர் ஒதுங்குவதற்குள் தரை அதிர்ந்தது. தினமும் நிற்கிற ஆள் இன்றும் நிற்பார் என்று நினைத்து அங்கே வெடித்துவிட்டார்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பறந்து வந்த பாறை விழுந்து இவருக்கு வலது கால் கூழாகிவிட்டது. திருச்சி ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அடுப்பு எரிய வேண்டுமே, நான் வேலைக்குத் திரும்பினேன். விசாரணை நடந்த அறைக்கு டீ கொண்டு போனதும் நான்தான். மேஜை மேல் விழாவின் ஆர்டர்கள் எல்லாம் இருந்தன. எல்லாவற்றிலும் வேலை முடிந்தது என்று கையெழுத்து. சுரங்க அதிகாரி ஒருவர், கொடி ஆள் தன் இடத்தை விட்டுப் போனதுதான் காரணம், அப்படியே எழுதிவிடலாம் என்றார். கால் போன மனுஷனுக்கு இனி வேலையும் கிடையாது, பிள்ளைகளைச் சாகக் கொடுக்கப் பார்த்தவன் என்ற பேர் வேறு!

"அவராப் போகலைங்க சார், கூட்டிட்டுப் போனாங்க" என்றேன். யார் என்று கேட்டார்கள். மூலையில் நின்ற மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் தலை குனிந்திருந்தார். டீயை வைத்துவிட்டு வெளியே போகச் சொன்னார்கள்.

நான் கதவுகிட்டே போனதும் மேஸ்திரியின் குரல் கேட்டது.

"அந்தப் பொண்ணு சொல்றது நெசந்தாங்க. நாந்தான் கூட்டியாந்தேன். நேரத்துக்கு அனுப்பறேன்னு சொல்லிட்டு அனுப்பாம வுட்டுட்டேன். எழுதிக்குங்க."

என்ன ஆகும் என்று தெரிந்துதான் பேசுகிறாயா என்று அதிகாரி கேட்டார்.

"தெரியுங்க. எனக்கு வேலை போவும். அவனுக்குக் காலே போயிடுச்சேங்க."

அப்படியே நடந்தது. அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு கேட்டில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள். அதற்கப்புறம் எந்த விழா என்றாலும், அன்றைக்கு வெடி கூடாது என்று சுரங்கத்துக்கும் ஒரு ஆர்டர் போக ஆரம்பித்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

மேஸ்திரி குன்னம் பக்கம் சோளக்காட்டில் கூலிக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டு ஒரு நாள் நானும் என் வீட்டுக்காரரும் பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனோம். அவர் சம்சாரம் தண்ணீர் கொடுத்தார். மேஸ்திரி கொல்லைப்பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் ஊன்றுகோலோடு பின்னால் போய் நின்று, "அண்ணே, திரும்புண்ணே" என்றார். அவர் திரும்பவே இல்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டோம்.

வாயைத் திறக்காத அதிகாரிகளில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என் வீட்டுக்காரரை, கொடியை விட்டுவிட்டுப் போனவன் என்று இன்றுவரை ஊரில் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதற்காக ஒரு மனிதர் தன் சோற்றைத் தூக்கிக் கொடுத்தார் என்பதை நினைக்காமல் நான் ஒரு வேளைகூடச் சாப்பிட உட்கார்ந்ததில்லை.