நாற்காலி காவல் காத்த குளம்

நகராட்சி நீச்சல் குளத்தில் சொல்லிக்கொடுக்கிற விசிலக்கா, பிள்ளைகளைப் பள்ளி உடுப்போடும் ஷூவோடும் தண்ணீரில் தள்ளிவிடுகிறாள் என்று தெருவில் ஒரு பேச்சு. எலெக்ட்ரிக் கடைக்காரர் சொன்னபோது தள்ளப்பட்டவர்கள் மூன்று பேர்; சலூனுக்கு வந்து சேர்வதற்குள் பதினொன்று.

அது ஜெராக்ஸ் கடைக்காரர் காதிலும் விழுந்தது. அவருடைய ஏழு வயது மகள் ஒரு மாதமாக அம்மாவோடு அங்கேதான் போய்வருகிறாள். எதையும் இரண்டு பிரதி பார்த்தால்தான் நம்புகிறவர் அவர். கையும் களவுமாகப் படம் பிடித்து, அக்காவின் வேலைக்கே வேட்டு வைப்பது என்று முடிவுகட்டினார். சனிக்கிழமை கடையை மனைவியிடம் விட்டுவிட்டு மகளோடு கிளம்பினார்.

"இன்னிக்கும் யூனிஃபார்ம்தாம்ப்பா," என்றாள் மகள், ஷூ நாடாவை முடிந்துகொண்டே. பாதிச் சாட்சி வாசலிலேயே கிடைத்துவிட்டது.

குளத்தில் விசிலக்கா அவரைக் கண்டதும் ஒரு சிவப்புத் தொப்பியை அவர் தலையில் கவிழ்த்தாள்.

"என்னம்மா இது?"

"பெத்தவங்க முறை வச்சுப் போடற தொப்பி சார். பத்து நிமிஷம். தண்ணியை மட்டும்தான் பாக்கணும். பேச்சு கூடாது, போன் கூடாது. முடிஞ்சதும் அடுத்தவங்க தலையில உங்க கையாலயே வைக்கணும்."

"சும்மா பாக்கறதுக்கு இவ்ளோ சட்டமா?"

"சும்மா பாத்துப் பாருங்க, தெரியும்."

அவள் இரண்டு பொடிசுகளைப் பிடித்துக்கொண்டு ஆழமில்லாத பக்கம் இறங்கினாள். தொப்பி ஒருவர் தலையில் இருக்கிற தைரியத்தில், பெஞ்சில் இருந்த மற்ற பெற்றோர் போனுக்குள் இறங்கினார்கள்.

நான்கு நிமிஷம் பார்த்தார். போன் அடித்தது; மனைவி. தொப்பியோடு பேசக் கூடாதே! கழற்றி, பக்கத்து நாற்காலியில் மரியாதையாக வைத்தார். குளத்துக்கு முதுகைக் காட்டி, "அடையாள அட்டைன்னா முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும் ஒரே தாள்ல எடு," என்றார். இப்போது குளத்தைப் பார்த்துக்கொண்டது நாற்காலி.

திரும்பினார். கரையில் முறைக்குக் காத்து நின்ற பிள்ளைகளின் வரிசையில் மகள் இல்லை. ஆழமான பக்கத்தில் அவளுடைய தண்ணீர் பாட்டில் மட்டும் மிதந்தது.

சத்தமே இல்லை. மூழ்குகிறவர்கள் கையை ஆட்டிக் கத்துவார்கள் என்றுதான் சினிமா அவருக்குச் சொல்லித் தந்திருந்தது. இங்கே ஒரு 'அப்பா' கூட இல்லை.

பாட்டிலுக்குச் சற்றுத் தள்ளி நீலப் பாவாடை விரிந்தது. மகள் மல்லாந்து, கையை அகல விரித்து, ஷூவோடு மிதந்துகொண்டிருந்தாள். நீச்சலென்றால் வீசை என்ன விலை என்று கேட்கிற மனிதர் குதிக்கப் போனார். விசில் காதைக் கிழித்தது.

"குதிக்காதீங்க! ரெண்டு பேரைத் தூக்க எனக்குக் கையில்ல! அந்தக் கழியை நீட்டுங்க!"

சுவரோரம் இருந்த நீளக் கழியைக் குப்புறப் படுத்து நீட்டினார். மகள் பிடித்துக்கொண்டாள்.

"பாட்டிலை எடுக்கப் போய் வழுக்கிட்டேன்ப்பா. நீங்க ஏன் குதிக்கப் பாத்தீங்க? கத்தாம மல்லாந்துட்டா போதும்னு அக்கா சொல்லித் தந்திருக்காங்கல்ல?"

விசிலக்காவின் முகம் வெளுத்திருந்தது. "தொப்பி எங்க சார்?"

அவர் விரலால் காட்டினார்.

"நாற்காலிக்கு நீச்சல் தெரியுமா?"

அவரால் நிமிர முடியவில்லை. "நீங்க... பிள்ளைங்களைத் தள்றீங்கன்னு..."

"ஆமா, தள்றேன். பக்கத்துலயே நின்னு, பிடிக்கக் கை வச்சுக்கிட்டுத் தள்றேன். எந்தக் குளமாவது உடுப்பு மாத்திட்டு வந்து விழுன்னு சொல்லுதா?"

பேச்சு உண்மைதான் என்று அவரே சலூனில் போய்ச் சொன்னார். இப்போது அங்கே, ஜெராக்ஸ்காரரையும் சேர்த்துத் தள்ளிவிட்டார்களாம், பன்னிரண்டு பேராம்.

சனிக்கிழமை தவறாமல் வருகிறார். பொடிசுகளுக்கு நடுவே கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைக்கிறார். முடிந்ததும் விசிலக்கா முன்னால் தலையை நீட்டுகிறார்.

"மொதல்ல மிதங்க சார்," என்று தொப்பியை வேறு தலைக்குக் கொடுத்துவிடுகிறாள்.

"அப்பா, உங்களுக்கு இன்னும் ஆறு நிமிஷம் பாக்கி," என்கிறாள் மகள்.