ஆறாம் கட்டிலுக்கு மேலே இருந்த கண்ணாடி

ஊரில் அவரைப் பூட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். அவர் கையில் ஒருநாளும் பூட்டும் இருந்ததில்லை, சாவியும் இருந்ததில்லை. இருந்ததெல்லாம் ஒரு தகரப் பெட்டி. அதில் விரல் அகலத்துக்கு வெட்டிய கண்ணாடிப் பட்டைகள், கொஞ்சம் சிமென்ட், ஒரு சின்னக் கரண்டி, ஒரு நோட்டு. சுவரில் விரிசல் கண்ட இடத்தில் பட்டையைக் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் சிமென்ட் அப்பி, பக்கத்தில் தேதி போடுவார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி வளைந்து கொடுக்காது, உடைந்துவிடும். உடைந்தது தெரிந்தால் அன்றைக்கே நோட்டில் எழுத வேண்டும். எழுதின மூன்றாம் நாள் கட்டடத்தைக் காலி செய்து பூட்டிவிடுவார்கள். பூட்டுவது வேறு ஆள். பெயர் மட்டும் இவருக்கு.

நிலக்கரிக் கம்பெனி ஊருக்கென்று ஐந்து கட்டடம் கட்டியிருந்தது. மன்றம், நூலகம், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. எல்லாம் ஒரே சூளைச் செங்கல், ஒரே மாதிரி வளைந்த ஜன்னல். புதிதாக வருகிறவர்கள் தபால் ஆபீஸுக்குள் நுழைந்து டாக்டர் எங்கே என்று கேட்பது சாதாரணம். மேலே பொதுக் கட்டடம் இருந்தால் கீழே கரியை வெட்டக் கூடாது, தூணாக விட்டுவிட வேண்டும் என்பது ஆரம்பத்தில் இருந்த ஏற்பாடு. மற்ற இடங்களில் கரி தீர்ந்துபோன வருடம் அந்த ஏற்பாடும் தீர்ந்துபோனது.

தூண்களை எடுக்க இறங்கிய ஆட்களில் இவருடைய அண்ணனும் ஒருவர். அண்ணன் கீழே எடுத்தார், தம்பி மேலே கண்ணாடி ஒட்டினார். இரண்டு பேருக்கும் ஒரே அடுப்பில்தான் சமையல். அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளாத தனிக்கட்டை, தம்பி வீட்டிலேயே இருந்தார்.

முதலில் மன்றம் போனது. மேடைக்குப் பின்னால் இருந்த பட்டை உடைந்தது, இவர் எழுதினார். பிறகு நூலகம். புத்தகங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தபால் ஆபீஸின் பின்னறையில் அடுக்கினார்கள். நான்கு வருடத்தில் தபால் ஆபீஸும் போக, தபாலும் புத்தகமும் பள்ளிக்கூடத்துக்குப் போயின. பள்ளிக்கூடத்தையும் இவரே எழுதினார். கடைசியில் எல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து நின்றன. ஊசி போட நின்ற வரிசையும் தபால்தலை வாங்க நின்ற வரிசையும் நடுவில் கலந்துபோய், காய்ச்சலோடு வந்தவர்கள் மணியார்டர் ஃபாரத்தோடு திரும்பிப் போனதும் உண்டு. புது விரிசலுக்கு ஒட்டுகிற கண்ணாடியை முன்பு பூட்டின கட்டடத்தின் ஜன்னலிலிருந்து வெட்டிக்கொள்வார் இவர். பெட்டியில் இன்னும் பள்ளிக்கூட ஜன்னல் கொஞ்சம் மீதி இருந்தது.

தெருவில் இவர் நடந்து போனால் தையல்காரர் கடைக்குள்ளிருந்தே குரல் கொடுப்பார்.

"வாங்க, வாங்க. என் கடையையும் கொஞ்சம் பாத்துட்டுப் போங்க. வாடகையாவது மிச்சமாகும்."

"உங்க கடை தகரம். தகரத்துக்கு நான் எழுதறதில்ல."

சுரங்கத்தை மூடின பிறகும் அளவு ஆபீஸில் இன்ஜினியரையும் இவரையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். சுரங்கம் நின்றாலும் நிலம் இறங்குவது நிற்பதில்லை. இவர் திங்கட்கிழமை தோறும் பெட்டியை எடுத்துக்கொண்டு சுற்றினார்.

அண்ணனுக்கு நெஞ்சில் கரித்தூசி. கடைசி இரண்டு வருடமாக மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் இல்லாமல் முடியவில்லை. வீட்டில் நாளுக்கு நான்கு தடவை கரண்ட் போகும். அதனால் ஆஸ்பத்திரியின் நீள வார்டில் ஆறாம் கட்டில் அவருக்கு. தலைமாட்டுச் சுவரில் ஒரு விரிசல், அதன் மேல் தம்பி ஒட்டின ஒரு பட்டை. தம்பி மனைவி தினமும் பதினொரு மணிக்குச் சாப்பாடு கொண்டுபோவாள். அவர் பாதி சாப்பிட்டு, மீதியைப் பக்கத்துக் கட்டில் வெல்டருக்குத் தள்ளிவிடுவார்.

ஒரு திங்கட்கிழமை விரிசல் இருந்த இடத்தில் ஒரு துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. போன திங்கட்கிழமையும் தொங்கியது. அதற்கு முந்தின திங்கட்கிழமையும். நோயாளியின் துண்டு, காயட்டும் என்று இரண்டு வாரமும் தூக்கிப் பார்க்காமலேயே 'மாற்றமில்லை' என்று எழுதிவிட்டு, அண்ணனிடம் ரெண்டு வார்த்தை பேசிவிட்டுப் போயிருந்தார். முப்பத்தொரு வருடத்தில் பார்க்காமல் எழுதினது அந்த இரண்டு தடவைதான். அன்றைக்குத் துண்டு கை பட்டு நழுவியது. கண்ணாடி நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது. இடைவெளியில் ஒரு தீக்குச்சி நுழையும்.

"எப்ப உடைஞ்சுது?"

"எனக்கென்ன தெரியும்? நான் மல்லாந்து படுத்திருக்கிறவன்."

"அண்ணே."

அண்ணன் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "மூணு வாரம் இருக்கும். வியாழக்கிழமை. காபி வந்த நேரம். டிக்குன்னு ஒரு சத்தம். வெல்டருகூடக் கேட்டாரு, எலியான்னு."

"துண்டு போட்டது நீயா?"

"பின்ன, சுவத்துக்குக் குளிருதுன்னு நர்ஸா வந்து போட்டாங்க?"

தம்பி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். எழுதினால் வார்டைக் காலி செய்வார்கள். குழாய் போட்ட ஆட்களையெல்லாம் ஆறு மணி நேரத் தொலைவில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அங்கே போன யாரும் வண்டியில் உட்கார்ந்து திரும்பி வந்ததில்லை. இது இரண்டு பேருக்கும் தெரியும்.

"இதுக்குக் கீழ இருந்த தூணை நாங்கதான் எடுத்தோம்," என்றார் அண்ணன். "நான், வெல்டரோட மச்சான், இன்னும் நாலு பேரு. மேல என்ன இருக்குன்னு மேஸ்திரிய கேட்டேன். உனக்கு எதுக்குன்னாரு. இத்தனை வருஷம் நின்னுடுச்சுல்ல. என் காலம் வரைக்கும் நிக்கும். நீ எழுதாதடா."

தம்பி எழுந்தார். துண்டை எடுத்து உதறி, பழையபடி மாட்டிவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்குப் போனார்.

மனைவி தட்டு வைத்தாள். நடந்ததைச் சொன்னார். சொல்லும்போது அவருக்கே அது அடுத்த தெருவில் யாருக்கோ நடந்ததுபோல இருந்தது. கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

"அந்த வார்டுல எத்தனை பேரு?" என்று கேட்டாள்.

"பன்னெண்டு."

"உங்க அண்ணனைச் சேர்த்தா?"

"சேர்த்துத்தான்."

அவள் இன்னொரு கரண்டி பரிமாறினாள். பிறகு தட்டை மூடி வைத்தாள். "போய் எழுதிட்டு வந்து சாப்பிடுங்க. இப்ப சாப்பிட்டா உங்களுக்கு இறங்காது."

அளவு ஆபீஸில் மேசை முன் உட்கார்ந்து எழுதினார். ஆறாம் கட்டில் மேல் பட்டை உடைந்தது, மூன்று வாரம் முன்பு, வியாழன். முந்தைய இரண்டு பதிவும் தவறு, பார்க்காமல் எழுதியது. கையெழுத்துப் போட்டார். இன்ஜினியர் அதைப் படித்துவிட்டு, "கடைசி வரி வேணாமே," என்றார். "இருக்கட்டும் சார்," என்றார் இவர்.

வியாழக்கிழமை காலை வேன் வந்தது. வராந்தாவில் தபால்காரர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அண்ணனைத் தூக்கி ஏற்றும்போது அவர் தம்பி பக்கம் பார்க்காமல், "எழுதிட்டியா?" என்றார்.

"எழுதிட்டேன்."

"துண்டைப் பத்தியுமா?"

"இல்ல. அதை எழுதல."

"அது வரைக்கும் சரி," என்றார் அண்ணன். பக்கத்தில் வெல்டர், ஜன்னல் சீட்டு தனக்குத்தான் என்று டிரைவரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கு நான்காம் மாடி. தம்பியும் மனைவியும் இரண்டு தடவை போய்ப் பார்த்தார்கள். வழவழப்பான சுவர், வெள்ளைப் பெயிண்ட். "ஒரு கீறல்கூட இல்லடா," என்றார் அண்ணன், குறை சொல்வதுபோல. "நாளெல்லாம் எதைப் பாத்துக்கிட்டுக் கிடக்கிறது?" தம்பியின் மனைவியிடம் ஆஸ்பத்திரிச் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றார். அவள் கொண்டுபோனதைத் தொடவில்லை. தம்பியை அவர் திட்டவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. மூன்றாம் மாதம் ஒரு மத்தியானம் போன் வந்தது. உடலை எடுத்து வந்து அடக்கம் செய்தார்கள். தையல்காரர் கடையை மூடிவிட்டு வந்து கடைசிவரை நின்றார். கிண்டல் எதுவும் செய்யவில்லை.

அதற்குப் பிறகு நான்கு வருடம் ஆகிறது. பூட்டின கட்டடம் இடியும்வரை அல்லது இடிக்கும்வரை அளவு பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. வார்டில் இப்போது கட்டில்கள் இல்லை. கால்கள் இருந்த இடத்தில் தரையில் நான்கு நான்காக வட்டத் தழும்புகள் மட்டும். உடைந்த பட்டைக்குப் பதிலாக அவர் ஒட்டின புதுப் பட்டை சுவரில் இருக்கிறது. கூரையும் இன்னும் நிற்கிறது. திங்கட்கிழமை காலையில் போய், விரலால் தொட்டுப் பார்த்து, நோட்டில் எழுதிவிட்டு வருகிறார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கேட்பாள்.

"உடைஞ்சிருக்கா?"

"இல்ல."

அவள் ஒரு நிமிடம் அவர் முகத்தைப் பார்ப்பாள். பிறகு, "சரி, கை கழுவிட்டு வாங்க," என்பாள். அவர் போய் நகக்கண் வரைக்கும் கழுவிவிட்டு வந்து உட்காருவார்.